மோதிரம் இல்லாத விரல்

அரங்கத்தில் எல்லோருக்கும் அவள் திரையக்கா. பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் மறக்கும் வசனத்தை எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. கைதட்டல் அத்தனையும் முன்னால் நிற்பவர்களுக்கு, திட்டு மட்டும் அவளுக்கு. முப்பது வருடமாக அப்படித்தான்.

பழைய நாடகங்களில் அவளுக்கு உயிர், மகனுக்கே மரண தண்டனை விதிக்கும் ராஜாவின் கதை. ராஜாவாக நடித்தவர் தீர்ப்புக்கு முன் ஒரு மௌனம் விடுவார். ஒருநாள் மறந்துவிட்டார் என்று நினைத்து, நடுவில் வரியைக் கொடுத்துத் தொலைத்தாள். ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னிலும் கிழி கிழியென்று கிழித்தார்.

"நான் மோதிரத்தைத் திருகினா மட்டும் வாயைத் திற. இல்லேன்னா மூடிட்டு உக்காரு!"

மறுநாள் அவருக்கு விரல் வீங்கியிருந்தது; மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேடை ஏறினார். அதே இடத்தில் மௌனம் நீண்டது. அவர் கட்டைவிரல் வெறும் விரலைத் தடவியது. மறுபடியும் தடவியது. அவளுக்குப் புரியாமல் இல்லை. மோதிரம்தான் இல்லையே என்று வீம்பாக உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் எவனோ சிரித்தான், பிறகு எல்லோரும். திரையை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் மேடைப் பக்கமே வரவில்லை.

"வயசாயிடுச்சு, பாவம், ஞாபகம் போயிடுச்சு" என்றார்கள். அவளும் கூடவே தலையாட்டினாள்.

பல வருடம் கழித்து, அரங்கத்தின் ஆண்டு மலருக்குப் பேட்டி எடுக்க ஒரு பெண் வந்தாள்.

"பிடிச்ச நாடகம் எதுக்கா? வாழ்க்கையில வருத்தம்னு ஏதாவது உண்டா?"

"ராஜா நாடகம்தான். வருத்தமெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்களுக்கு!"

பேட்டியில் அளந்துவிடலாம், ஸ்டூலில் முடியாது. இப்போதைய ராஜா ஒரு எழுத்துகூட மறக்காதவர். இருந்தும் அந்த இடம் வந்தால் அந்தக் கட்டைவிரல் அவள் கண்முன் அசையும். யாரும் கேட்காமலே வரியை முணுமுணுப்பாள்.

போன மாதம் பழைய ராஜா இறந்துபோனார். இனியாவது அவர் மகளிடம் சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று, துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போனாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா... அன்னிக்கு நான்..."

"நீங்க மனசுல எதையும் வெச்சுக்காதீங்கக்கா. கடைசி வரைக்கும் அப்பா சொல்லிட்டே இருந்தார். 'அவ மேல தப்பில்ல, நான் விரலைத் தொடவே இல்ல'ன்னு."

தொட்டார். இரண்டு முறை. அவள் பார்த்தும் வாய் திறக்காததை அவர் கவனித்திருக்கிறார்.

சொல்ல வந்த வரி அவளுக்கு வரவில்லை. எடுத்துக்கொடுக்க அங்கே யாரும் இல்லை.