பிரேக் மாஸ்டரின் இரண்டாயிரம் வாட்ஸ்

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக இருக்கும் பிரேக்கை மிதிப்பதுதான் வேலை. நாள் முழுக்க வாயில் வருவது "பிரேக்... பிரேக்..." மட்டும் என்பதால் பிரேக் மாஸ்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் அந்த ஒரு சொல்லுக்கும் இடமில்லை. மனைவி பள்ளி ஆசிரியை. பேச ஆரம்பித்தால் அவருக்குப் பிரேக்கே கிடையாது.

அதனாலோ என்னவோ, சத்தத்தின் மேல் மனிதருக்குத் தீராத ஆசை. சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கியதும் ஆடியோ கடைக்குப் போனார். கூடவே மனைவியின் தம்பி. எதைக் கேட்டாலும் தெரியும் என்பவன். அலமாரியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி. அதன்மேல் நெருப்புப் படம், நடுவில் '2000 வாட்ஸ்'.

"இதான் மாமா! தெருவே அதிரும்" என்றான் மைத்துனன்.

நான்கு பெரிய ஸ்பீக்கர்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் 'நாலு ஓம்' என்று மின்தடை அளவு அச்சிட்டிருந்தது. மைத்துனனே பூட்டினான். "ஓம் குறையக் குறைய சத்தம் கூடும் மாமா" என்று எங்கோ கேட்டதைச் சொல்லி, நான்கையும் பக்கம் பக்கமாக ஒரே முனையில் சேர்த்துவிட்டான்.

குடியிருப்பின் வாசலில் அரங்கேற்றம். அக்கம்பக்கத்தார் பாதிப் பேர் ஆர்வத்தோடும், மீதிப் பேர் காதில் பஞ்சோடும் நின்றார்கள். பாட்டு 'தொம்' என்று தொடங்கி அப்படியே நின்றது. ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சிவப்பு எரியுது பாருங்க, ஃபுல் பவர்!" என்ற மைத்துனன், அணைத்து அணைத்துப் போட்டான். நாலைந்து 'தொம்'முக்குப் பிறகு புகை வந்தது. கூட்டம் கைதட்டியது. காருக்குள் உட்கார்ந்திருந்த மாஸ்டர் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தார்.

மறுநாள் கடைக்காரர் எரிந்த பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, கூச்சமே இல்லாமல் விளக்கினார்.

"இரண்டாயிரம்ங்கிறது ஒரு நொடி துள்ளுறது சார். அதுவும் பெட்டி மேல மட்டும். விடாம குடுக்கிற பவர் ஆர்.எம்.எஸ்.னு உள்ள சின்ன எழுத்துல இருக்கும். ஃப்யூஸப் பாருங்க, இருபத்தஞ்சு ஆம்பியர். கார்ல வர்றது பதிமூணு வோல்ட் சொச்சம். பெருக்கினா முந்நூத்தி சொச்சம். அதுல பாதி சூடாவே போயிடும்."

"அப்போ ஓம்?"

"ஓம்ங்கிறது கரண்டுக்குத் தடுப்பு. நாலு ஸ்பீக்கரை இப்படிச் சேர்த்தா நாலு ஓம் ஒரு ஓமாயிடும். தடுப்பு குறைஞ்சா கரண்டு தாராளமாப் போகும். குடுக்கிறவனுக்குத் தெம்பு வேணாமா? இது ரெண்டு ஓமுக்குக் கீழ தாங்காது. சிவப்பு லைட்டு 'என்னை விட்டுடுங்க'ன்னு கெஞ்சினது."

"இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே?"

"எத்தனை வாட்ஸ்னுதானே கேட்டீங்க? சொன்னேனே!"

மாஸ்டருக்குக் கடைக்காரர் மேல் கோபம் வரவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக, அடுத்தவருக்குத் தெரியாத ஒரு விஷயம் தன் கைக்கு வந்துவிட்ட பூரிப்பு. சின்ன எழுத்தைப் படித்து, ஐம்பது வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர் மட்டும் பூட்டினார். பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்டன. அதுவரை காரில் ஏறவே மறுத்த மனைவிகூட, "பரவாயில்லையே, காது வலிக்கலை" என்றார்.

ஆனால் மனிதர் வாய் திறந்துவிட்டார். பயிற்சிக்கு வந்தவர்களிடம் கிளட்சை விட்டுவிட்டு ஓம் கற்பித்தார். ஒரு பெண்மணி அதைக் கேட்டுக்கொண்டே விளக்குக் கம்பத்தில் மோதினார். சாப்பாட்டு மேஜையில் மிக்ஸி, மின்விசிறி எல்லாவற்றின் பெட்டியும் பொய் சொல்வதாக நிரூபித்தார். ஐயாயிரம் வாட்ஸ் வாங்கிவந்த மைத்துனனிடம் "ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் மாப்ள?" என்று மட்டும் கேட்டார். அவன் அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை.

ஒருநாள் மனைவி தம்பிக்குப் போன் செய்தார். "வந்து அந்தப் பழைய டப்பாவையே மாட்டிக் குடுத்துட்டுப் போடா. அது புகைஞ்சுதே தவிர, பேசலை."