வில்பிரட் அண்ணன் விழுங்கிய ஒரு மடக்கு

துபாயில் ஓட்டல் பார் ஒன்றின் நிலவறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தும் ஒரு சொட்டு குடிக்காத மனிதர் இருந்தார் என்று சொன்னால் எவனும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் போகட்டும். சத்வா என்ற பகுதியில் கம்பெனி கொடுத்த அறையில் வில்பிரட் அண்ணனுக்கு அடுத்த கட்டிலில் வருஷக்கணக்காகப் படுத்தவன் நான். அவர் வாயில் ஒரு நாளும் வாடை அடித்ததில்லை. ஏலக்காய் மென்றுகொண்டு வருகிற கள்ளத்தனமும் அவருக்குத் தெரியாது.

அவருக்கு உவரிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர், கடலுக்குப் போகிற குடும்பம். எனக்கு வள்ளியூர்ப் பக்கம். பெயர் பன்னீர்செல்வம். அதே ஓட்டலில் நான் வெயிட்டர்.

எங்கள் பார் மேனேஜர் ஹார்கிரீவ்ஸ் என்ற வெள்ளைக்காரர். அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஏல் என்று ஒரு பீர் வகை இருக்கிறது. அதில் ரொம்பக் காட்டமானதை மரப் பீப்பாயில் அடைத்து, வருஷக்கணக்கில் கிடத்திவைத்துக் குடிப்பார்கள். பீப்பாய்க்குள் ஈஸ்ட் சாகாமல் இருக்குமாம். உள்ளேயே நொதித்து, மரத்தின் சாரத்தை வாங்கிக்கொண்டு, மாதத்துக்கு மாதம் ருசி மாறிக்கொண்டே போகும். 2001-இல் கப்பலில் வந்த அப்படியான மூன்று பீப்பாய்களை நிலவறைக் குளிரில் கிடத்தி, வில்பிரட் அண்ணனைக் காவல் வைத்தார்.

காவல் என்றால் சும்மா இல்லை. பீப்பாயின் தலையில் சின்னதாக ஒரு மர ஆணி செருகியிருக்கும். மாதம் ஒருமுறை அதைத் தளர்த்தி, அடைந்த காற்றை வெளியே விட்டு, கண்ணாடிக் குழாயால் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டிவிட்டு வாளியில் துப்ப வேண்டும். என்ன ருசி என்று நோட்டில் எழுத வேண்டும். இதற்கென்று இங்கிலீஷில் பெரிய பெரிய வார்த்தைகள் இருக்கின்றன. அண்ணன் படித்தது எட்டாம் வகுப்பு. தமிழில்தான் எழுதினார். ‘கருப்பட்டி முறுகின வாசம்.’ ‘ஈச்சம்பழம், ரொம்பப் பழுத்தது.’ ‘மழை நாள்ல மரப்பெட்டியத் திறந்தா வாற நெடி.’ ‘அடி நாக்குல புளி. போன மாசம் இல்ல.’ மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வார். கருப்பட்டிக்கு இங்கிலீஷில் நான் எங்கே போவேன்? கடைசியில் அவரும் கருப்பட்டி என்றே எழுதிக்கொண்டார்.

அப்படி ஒரு நாக்கு அவருக்கு. ஆனால் மேனேஜருக்கு ஒரு மனக்குறை. “ஒயினைத் துப்பலாம் வில்பிரட், ஏலைத் துப்பக் கூடாது. அதன் கசப்பு தொண்டையில்தான் தெரியும். நீ பாதி ருசிதான் பார்க்கிறாய்” என்பார். “பாதி போதும் சார்” என்று அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

காரணம் அவர் மனைவி தேவகனி அக்கா. அக்காவின் அப்பா ஒருநாள் குடித்துவிட்டு வள்ளத்தைக் கடலில் இறக்கினார். அக்காவின் தம்பியும் கூடப் போனான். இரண்டு பேரும் திரும்பவில்லை. அதனால் கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அண்ணன் பங்குச்சாமியார் முன்னிலையில் கோயில் பீடத்தில் கைவைத்து, தொண்டைக்குக் கீழே ஒரு சொட்டு இறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். இறங்கினால் அன்றோடு நமக்குள் பேச்சு இல்லை என்று அக்கா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற பெண்.

சத்தியம் செய்தது எனக்குத் தெரியும். வீட்டில் ‘ஓட்டல்ல ஸ்டோர் கீப்பர்’ என்று சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒன்று தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டிய நிலைமையே எனக்கு வந்திருக்காது.

முதல் பீப்பாயை 2003-இல் திறந்தார்கள், நன்றாகப் போனது. இரண்டாவது புளித்துக் காடியாகிவிட்டது. அத்தனையையும் சாக்கடையில் ஊற்றினார்கள். வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் மேனேஜர் முகம் செத்துப்போனது. மூன்றாவதை 2005 டிசம்பரில் திறக்க நாள் குறித்தார். இருபத்திரண்டு பேருக்கு அழைப்பு போயிருந்தது.

அன்று சாயங்காலம் நான்தான் கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் அண்ணன் ஒரு வாய் எடுத்தார். உருட்டினார். நெற்றி சுருங்கியது. மேனேஜர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொடுக்கலாமா, கொட்டவா? அண்ணன் வாளியைப் பார்த்தார். ஆனால் குனியவில்லை. அவர் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“கொடுக்கலாம் சார்.”

வந்தவர்கள் குடித்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினார்கள். அண்ணனுக்குக் கோட்டு மாட்டிவிட்டு, கிளாஸை மூக்கருகே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

டூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

“இறங்கிட்டு வே பன்னீரு.”

“என்னண்ணே இறங்கிட்டு?”

“நாக்குல புளிச்சுது. அது நாக்கோட நிக்கா, உள்ளயும் போகுதான்னு தெரியல. உள்ள போனா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். விழுங்காம எப்படிச் சொல்ல? விழுங்கிட்டேன். உள்ள புளிப்பே இல்ல வே. அடியில இருந்து கசப்பு எந்திரிச்சு வந்து எல்லாத்தையும் தொடச்சிட்டு. நாலு வருசமா பாதிதான் பாத்திருக்கேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நல்லாயிருந்துச்சு வே. அதுதான் எனக்குத் தாங்கல.”

நான் சிரித்தேன். ஒரு மடக்குக்கு இந்தப் பாடா என்று கேட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

ஜனவரியில் எனக்கு லீவு. ஊருக்குப் போகிறவன் மற்றவர்கள் வீட்டுச் சாமான்களைச் சுமந்து போய்க் கொடுப்பது எங்களுக்குள் வழக்கம். அண்ணன் பால்பவுடர், கோடாலித் தைலம், மகள் ரினிக்குக் கலர் பென்சில் என்று கட்டித் தந்தார். அதற்குள் ஓட்டலில் அந்த விருந்தைப் பற்றி வழவழ தாளில் சின்னப் புத்தகம் ஒன்று போட்டிருந்தார்கள். உள்ளே அண்ணன் படம், முழுப்பக்கத்துக்கு. கோட்டு போட்ட புருஷனைப் பார்த்தால் அக்கா பூரித்துப்போவார் என்று அதையும் பெட்டியில் செருகினேன். அண்ணனிடம் கேட்கவில்லை. அதிகப்பிரசங்கித்தனம் என் பிறவிக் குணம்.

அக்கா வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் புத்தகத்தை ரினிதான் எடுத்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது, இங்கிலீஷ் மீடியம். படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். “‘எங்க ஏல் எல்லாத்தையும் ருசி பாத்துக் காப்பாத்துறவர் வில்பிரட்’னு போட்டிருக்கும்மா. ஏல்னா பீராம்.”

அக்கா என்னைப் பார்த்தார். “ஸ்டோர்லலா இருக்காவ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாய் குழறியது. “ஸ்டோர்தான்க்கா. அதுல இதுவும் ஒரு வேல. வாய்ல வச்சுட்டுத் துப்பிருவாரு.”

“எல்லாத்தையுமா?”

‘ஆமாக்கா’ என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு நொடி தயங்கினேன்.

அக்கா போனை எடுத்து நம்பரை அழுத்தினார். குரல் உயரவே இல்லை. “நாந்தான். பன்னீர்செல்வம் தம்பி வந்திருக்காவ. புஸ்தகம் பாத்தேன். ஸ்டோர்னு சொன்னத இப்ப கேக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தொண்டைக்குக் கீழ ஒரு சொட்டு போயிருக்கா? இல்லன்னு சொல்லுங்க, நான் நம்புதேன்.”

சுவரில் மாதா படம் இருந்தது. நான் கும்பிடுகிற சாமி வேறு. இருந்தாலும் அந்த மாதாவிடம் கெஞ்சினேன், இந்த மனுஷன் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் தாயே என்று. அக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றார். “ஒரே ஒரு வாயா” என்று மட்டும் கேட்டுவிட்டு, மெதுவாக வைத்துவிட்டுத் திரும்பினார்.

“காப்பி குடிக்கியளா தம்பி?”

அதோடு முடிந்தது. சண்டை இல்லை, அழுகை இல்லை. அண்ணன் போன் செய்தால் ரினி எடுத்துப் பேசுவாள். அம்மா எங்கே என்றால் வேலையாக இருக்கிறாள் என்பாள். மே மாதம் அறுபது நாள் லீவு போட்டுப் போனவர் ஒன்பதாம் நாள் திரும்பி வந்துவிட்டார்.

“சோறு போட்டா வே. துணி துவைச்சுப் போட்டா. ஒரு குறையும் வைக்கல. ஒரு வார்த்த பேசல” என்றார்.

வந்த வேகத்தில் நிலவறைச் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, சலவைப் பிரிவுக்கு மாற்றக் கேட்டார். மேனேஜர் எவ்வளவோ மன்றாடினார். அண்ணன் மசியவில்லை. அதற்குப் பிறகு எதை ருசித்தும் அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. மெஸ் சாம்பாரில் உப்பில்லை என்று நாங்கள் எல்லோரும் கத்துவோம். அவர் தட்டைக் கழுவிவைத்துவிட்டு எழுந்து போவார். நாளுக்கு நாள் அந்த மனிதர் எங்கள் கண் முன்னாலேயே வற்றிக்கொண்டு வந்தார். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “ஒரே ஒரு ‘இல்ல’ண்ணே. ஸ்டோர்னு பன்னெண்டு வருசம் சொன்ன வாய்க்கு அது வராமப் போச்சா?” என்று கத்தினேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “சொல்லியிருந்தா நம்பியிருப்பா வே. அதான் சொல்ல முடியல.”

2009-இல் தொழில் படுத்து, ஆட்களைக் குறைத்தார்கள். என் பெயரும் பட்டியலில் வந்தது. ஒரேயடியாக ஊர் திரும்பினேன். அண்ணன் கொடுத்த பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் லீவில் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

“தம்பி, அவியகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுவியளா?”

மூன்று வருஷத்தில் முதல்முறை. “சொல்லுங்கக்கா.”

“அந்த ஒரு வாய் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க.”

அங்கேயே நின்று செல்போனில் அண்ணனைப் பிடித்தேன். அக்கா கேட்கிறார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் சலவை மெஷின்களின் இரைச்சல்.

“யோசிச்சுப் பாக்கேன் வே” என்றார் அண்ணன். “ஞாபகம் வரல. கசப்புன்னு பேரு தெரியுது. ருசி வரல. மறந்துட்டு.”

அன்று அறையில் அவர் அழுதுகொண்டே சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“மறந்துபோச்சாம்க்கா.”

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“எதால எங்க பேச்சு நின்னுச்சோ, அப்ப அதுவும் இல்லன்னு ஆயிட்டு” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.