பேசிய பெட்டி

என் மகள் ஆடும் ஆட்டத்தைப் பற்றி சர்ச்சில் ஒரு ஆன்ட்டி, "அது பேயைக் கூப்பிடுற கேம், வாட்ச் பண்ணிக்கோ" என்று சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அமெரிக்காவில் சுகர் லேண்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் என் கல்லூரி மகளும் தோழிகளும் பகடை உருட்டி, கற்பனைக் குகைகளில் அரக்கர்களோடு சண்டை போட்டார்கள். வேவு பார்க்கவே நானும் ஒருநாள் ஆட உட்கார்ந்தேன்.

ஆட்டத்தை நடத்திய தோழி, தன் அப்பாவின் பழைய விதிப்புத்தகத்தை வைத்திருந்தாள். குகைக்குள் ஒரு மரப்பெட்டி இருப்பதாகச் சொன்னாள். மகள் திறக்கப் போனாள்.

"தொடாதடி! பூட்டாம யாராவது பெட்டிய விட்டுட்டுப் போவாங்களா?" என்றேன். பெட்டியிடமே, "யாரு நீ?" என்று கேட்டேன்.

தோழி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, கரகரத்த குரலில், "ஐ ஆம் ஹங்ரி" என்றாள்.

மகள் திகைத்தாள். "அம்மா, நியூ புக்ல இட் நெவர் டாக்ஸ். இட் ஜஸ்ட் பைட்ஸ்!"

அது பெட்டியாக வேடமிடும் ஓர் அரக்கனாம்; ஆரம்பத்தில் வந்த பழைய புத்தகத்தில் பேசுமாம். சாப்பாடு கொடுத்தால் வழியும் சொல்லுமாம். பிறகு வந்த புத்தகங்களில் அதன் வாய் கடிக்க மட்டும் என்றாகிவிட்டதாம்.

ரொட்டி கொடுத்தேன். இடப்பக்கம் போகச் சொன்னது. நம்பாமல் எல்லோரையும் வலப்பக்கம் கூட்டிப்போய்ப் பள்ளத்தில் விழவைத்தேன். மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.