சோஹாருக்கு மூன்று பேர்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒன்று ஐம்பது. அறைக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது, கட்டில்மேல் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை. பயணம் அடுத்த வெள்ளிக்கிழமைதான். சட்டை அதற்குள் தயாராகிவிட்டது.

சட்டைக்குச் சொந்தக்காரர் என் அறைத்தோழர். சிவகங்கைப் பக்கத்துக்காரர், துபாய் தேராவில் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் சேல்ஸ்மேன். நான் துபாயில் ஒரு வணிகப் பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாமவர் கார் வைத்திருந்த காயல்பட்டினத்து வியாபாரி. அவர் ஊரில் அண்ணனைச் சொல்வதுபோல் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். ஓமனில் இருக்கும் சோஹாருக்குக் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புவதாகத் திட்டம். யோசனை என்னுடையது. பாலை முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் இருக்கும் பழைய துறைமுக நகரம் அது. போர்த்துக்கீசியர் ஒரு காலத்தில் பிடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டை இன்னும் நிற்கிறது. அதைப் படமெடுத்து ஒரு கட்டுரை எழுத ஆசைப்பட்டேன்.

அறைத்தோழருக்குக் கோட்டை ஒரு பொருட்டில்லை. அவருடைய தம்பி சோஹாரில், புதுத் துறைமுக சைட்டில் வெல்டர். இருவரும் நேரில் பார்த்து ஆறு வருஷமாகிவிட்டது. ஊரில் அம்மா தனியாக இருப்பதால், ஒரு வருஷம் அண்ணன், மறு வருஷம் தம்பி என்று லீவை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வருஷத்துக்கு ஒரு மகனைப் பார்த்தார். மகன்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“தம்பிகிட்ட இப்பவே சொல்லிடுங்க” என்று போன வாரம் சொன்னது நான்தான். அவரும் சொல்லிவிட்டார். தம்பி தன் வெள்ளிக்கிழமை டியூட்டியை இன்னொருவரிடம் மாற்றிவிட்டிருந்தார்.

அன்றைக்கு மிச்சமிருந்த வேலை விசா விவரம் கேட்பது மட்டும். அறைக்கு வந்திருந்த காக்கா ஒரு டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“பார்டர்லயே அடிச்சுக் குடுத்துருவான், பிரச்சினை இல்ல. ப்ரொஃபஷன் மட்டும் சொல்லுங்க. லேபர்னா மாஃபி, விடமாட்டான்.”

“நான் கம்பெனி பார்ட்னர். கூட ஒரு எடிட்டர். இன்னொருத்தர் சேல்ஸ்மேன்” என்றார் காக்கா.

“செய்யிற வேலைய கேக்கல பாய். விசாவுல என்ன அடிச்சிருக்கு?”

அறைத்தோழர் சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். அப்புறம் சொன்னார்: “வீட்டுச் சமையல்காரன்.”

வளைகுடாவில் இது புதிதில்லை. எந்த விசா கிடைக்கிறதோ அதில் வந்து இறங்குவார்கள். செய்வது வேறு வேலையாக இருக்கும். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருப்பதால் அதில் அடித்திருப்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

“நீயா சமையல்காரன்?” என்றார் காக்கா. “உன் ரசத்தைக் குடிச்ச அன்னைக்குத்தானேப்பா உனக்குப் பாத்திரம் கழுவுற டியூட்டின்னு ரூம்ல முடிவு பண்ணினாங்க!”

மூவரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவர் அறைத்தோழர். போனில் இருந்தவர் சிரிக்கவில்லை.

“குக் நடக்காது பாய். நீங்க ரெண்டு பேர் போகலாம். கலாஸ், அவ்வளவுதான்.”

காருக்கு ஓமன் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று முன்பே விசாரித்திருந்தேன். காலை வெயில் கோட்டையின் எந்தப் பக்கம் விழும் என்றுகூடக் கேட்டு வைத்திருந்தேன். கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன், பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவரிடம் இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

“அப்ப வேணாம், விட்டுடலாம்” என்றேன். அதைச் சொல்வதற்கு நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்பது மற்ற இருவருக்கும் தெரியும்.

“எதுக்குண்ணே? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அவன் எப்படி இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. போன்ல கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னுவான்.”

“அப்ப நீ வரலேன்னு உன் தம்பிகிட்ட சொல்லிரு” என்றார் காக்கா.

“சொல்லமாட்டேன் காக்கா. சொன்னா அன்னைக்கும் ஓவர்டைமுக்குப் போயிருவான். உங்களப் பாக்க வரமாட்டான்.”

நான் மறுத்திருக்கலாம். அவரே போகச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் முன்னால் கேமராவை வெளியே எடுக்காமல் இருந்தேன். வியாழக்கிழமை மாலை அவராகவே கேட்டார்: “பேட்டரிக்கு சார்ஜ் போட்டீங்களாண்ணே?”

மறுநாள் காலை எல்லையில் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழச் சிறிது நேரம்தான் ஆனது. அதிகாரி என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சோஹார் கோட்டைக்கு எதிரே ஒரு மரத்தடியில் தம்பி நின்றிருந்தார். அண்ணனின் அதே நெற்றி. முன்பக்க முடி கொட்டியிருந்தது. இடது முன்கையில் வெல்டிங் பொறி பட்ட சிறு தழும்புகள், சில புதியவை. இறங்குவதற்கு முன்பே இவற்றை மனதில் குறித்துக்கொண்டேன். கோட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே காரை நோக்கி வந்தார். காக்கா கண்ணாடியை இறக்கினார்.

“தம்பி, உங்க அண்ணனுக்கு விசாவுல…”

“கதை விடாதீங்க பாய். அண்ணன் கீழ ஒளிஞ்சு படுத்துக் கெடக்கும். சின்னதுலேருந்து அதுக்கு இதே வேலைதான்.”

பின்கதவைத் திறந்து, குனிந்து, இருக்கைக்குக் கீழே பார்த்தார்.