கோழி கொத்திய குண்டு

போன கிழமை, புலம்பெயர்ந்து வந்த அப்டன் பார்க்கில், நான் வேலை செய்யும் கடை வாசலில், சாமான் இறக்கிய வான் வண்டியிலிருந்து ஒரு பருப்பு மூட்டை நழுவித் தொப்பென்று விழுந்தது. நான் நடைபாதையில் குப்புறப் படுத்துவிட்டேன். சாக்குத் தூசி மணம் மூக்கில் ஏறியது.

எண்பத்தேழில் யாழ்ப்பாணத்தில் அதே மணம். சண்டையால் பாதைகள் அடைபட்டு, வீட்டில் கஞ்சி மட்டும்தான். பள்ளிக்கூடமும் பூட்டு, எனக்கு அதில் கவலையில்லை. ஒரு பின்னேரம் விமானங்கள் பனைகளை உரசுவதுபோல வந்தன.

“பொம்மர்! குண்டு போடப் போறாங்கள்!” என்று கத்திக்கொண்டு பங்கர் குழிக்குள் பாய்ந்தோம். வீட்டு வளவில் ஏதோ தொப்பென்று விழுந்தது, வெடிக்கவில்லை.

“வெடிக்காத குண்டுதான் பொல்லாதது. ஒருத்தரும் அசையாதேங்கோ,” என்றார் சித்தப்பா.

நான் எட்டிப் பார்த்தேன். பரசூட் துணிக்குப் பக்கத்தில் எங்கள் வெள்ளைக் கோழி மும்முரமாக நின்றது.

“அம்மா, கோழி குண்டைக் கொத்துது!”

“கோழி தின்னுறதை நானும் தின்னுவன்,” என்று அம்மா எழும்பிப் போனார். கிழிந்த சாக்கிலிருந்து அரிசி கொட்டிக் கிடந்தது. இந்திய விமானங்கள் போட்ட சாப்பாடு. அன்று அதிகம் சோறு தின்றவர் சித்தப்பாதான்.

“எழும்பும் தம்பி, பருப்புத்தான்,” என்று கடை வாசலில் முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு புறா வந்து பருப்பைக் கொத்தியது. பிறகுதான் எழும்பினேன்.