ஏலக்காய்ப் பைக்கு நான் நீட்டிய கை

வெள்ளிதோறும் விளக்கு பூஜைக்கு வரும் அக்கா தங்கைகளே, போன வாரம் பாயசத்தில் கிடந்த ஏலக்காயை நான் பொறுக்கி ஓரமாக வைத்ததைப் பார்த்து உங்களில் ஒருவர் கேட்டார், "என்னங்க டீச்சர், போடிக்காரவுகளுக்கு ஏலக்கா பிடிக்காமப் போகுமா?" என்று. சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று சொல்கிறேன். முருகன் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால், நான் செய்த அசிங்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏலக்காய்க்குப் பேர்போன போடியில் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு நடக்கும். வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் தேர்வாளராக வருவார். அவருக்கு மதியம் பிரியாணி, கிளம்பும்போது ஒரு பை ஏலக்காய். "போடிக்கு வந்துட்டு ஏலக்கா இல்லாமப் போனா நம்ம பள்ளிக்கூடத்துக்கு என்ன மரியாதை?" என்பார்கள் ஆசிரியர் அறையில். நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆறு வருடமாகப் பையை நிரப்பும் பொறுப்பு என்னுடையது.

எங்கள் ஊரில் ஏலக்காயைக் கடையில் விலை கொடுத்து வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் உண்டு. யார் வீட்டிலாவது இருக்கும், யாராவது கொடுப்பார்கள். அதனால் வகுப்பில், "யார் வீட்ல மலை வேலைக்குப் போறாக?" என்று கேட்பேன். கை தூக்கிய பிள்ளைகளிடம், "ஆளுக்கு ஒரு கைப்பிடி, நல்லாப் பெருசாப் பார்த்துக் கொண்டாங்க" என்பேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மறந்துபோய்க் கேட்காமல் இருக்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

அந்த வருடம் கை தூக்கியவர்களில் நாகஜோதியும் ஒருத்தி. உப்புப் பகுப்பாய்வில் வகுப்பிலேயே அவள்தான் கெட்டி. நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் கனவு. அவளுடைய அம்மா பேச்சியம்மாள் தினமும் விடியலில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மலை மேல் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் உலர்ந்த காயைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய் வந்தாள்.

செவ்வாய்க்கிழமை தேர்வு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை நாகஜோதி பள்ளிக்கு வரவில்லை. அவள் தெருப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நேத்து எஸ்டேட்ல வேலை முடிஞ்சு அவுக அம்மா ஜீப்பு ஏறப் போகும்போது மடியத் தட்டச் சொல்லிட்டாகளாம் டீச்சர். முந்தியில முடிஞ்சு வச்சிருந்த காய் எல்லாம் கீழ விழுந்துருச்சாம். எல்லாரும் பார்த்தாகளாம். இனி வேலைக்கு வரக் கூடாதுன்னுட்டாக."

ஒரு கைப்பிடி. நான் கேட்ட அதே ஒரு கைப்பிடி.

அன்று சாயங்காலம் கோயிலுக்கு ஓடினேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? "முருகா, இதுல ஏம் பேரு வெளிய வந்துறக் கூடாது." அந்த வேண்டுதலை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. ஒரு பொம்பளை பிழைப்பை இழந்து நிற்கிறாள், அவள் மகள் படிப்பு அந்தரத்தில் தொங்குகிறது. நான் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு என் பெயரைக் காப்பாற்றச் சொல்லி சாமியைக் கேட்கிறேன். பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வாயில் ஏலக்காய் கடிபட்டது. துப்பிவிட்டேன். கோயில் வாசலில் பிரசாதத்தைத் துப்பியவள் நான்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பாய் விரித்து, "உக்காருங்க டீச்சர்" என்றாள். "நீங்க கேட்டது தப்பில்ல. நாந்தேன் சூதானமா இல்லாம மாட்டிக்கிட்டேன். பிள்ளைக்கு மார்க்கு குறைஞ்சுறக் கூடாதுன்னு ஒரு பயம்."

ஏலக்காய் கொடுத்தால்தான் மார்க் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. வேறு எப்படிக் கேட்கும்?

நாகஜோதி சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "பரீட்சைக்கு வா ஆத்தா" என்றேன். "வரமாட்டேன் டீச்சர். எங்கம்மாவக் கள்ளின்னு சொன்னாக. அந்தக் காய வச்சு வாங்குற மார்க்கு எனக்கு வேண்டாம்." செய்முறைத் தேர்வு எழுதாவிட்டால் பாஸ் கிடையாது. நர்சிங்கும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

திரும்பும் வழியில் மறுபடி கோயிலுக்குப் போனேன். இந்த முறை சூடம் ஏற்றவில்லை, அர்ச்சனைச் சீட்டும் வாங்கவில்லை. வெறும் கையோடு நின்றேன். "முருகா, அந்தப் பிள்ளை பரீட்சைக்கு வரணும். அதுக்கு எங்க போய் என்ன சொல்லணுமோ, அதைச் சொல்ல எனக்கு வாயைக் குடு." அவ்வளவுதான் கேட்டேன்.

சனிக்கிழமை விடியலில் அந்த எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்பில் நானும் ஏறினேன். ஏழு பெண்கள், சோத்துத் தூக்குகள், நடுவில் நான். கொண்டை ஊசி வளைவுகளில் வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். ஒரு பெண் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, "மொதத் தடவையா வர்றீக டீச்சர்?" என்றாள். இருபது வருடமாகப் போடியில் இருக்கிறேன். இந்த ஜீப்பில் ஒருநாளும் ஏறியதில்லை. எதற்காக வருகிறேன் என்று சொன்னேன். எலுமிச்சம்பழம் கொடுத்தவள் தன் முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

எஸ்டேட் வாசலில் மேனேஜரிடம், "பேச்சியம்மா தானா எடுக்கல சார். நான் கேட்டேன். ஆறு வருசமாப் பிள்ளைகள்ட்ட கேட்டு வாங்கியிருக்கேன். கள்ளின்னா என்னையத்தான் சொல்லணும்" என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அவர் அசையவில்லை. மலையாளம் கலந்த தமிழில், "டீச்சரே, இது நிங்களுக்கு வேண்டாத காரியம். பள்ளிக்கூடத்துக் காரியத்த அங்க வச்சுக்கோங்க. ஒருத்திய விட்டா நாளைக்கு எல்லாரும் எடுப்பாளுக" என்றார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது எலுமிச்சம்பழம் கொடுத்த பெண் முன்னால் வந்தாள். "மூணு வருசத்துக்கு முன்னால ஏம் மகளுக்காக நானும் முடிஞ்சு கொண்டு போனேன் சார். என்னையும் நிப்பாட்டுங்க." பின்னால் இருந்து, "நானுந்தேன்" என்று ஒரு குரல். அடுத்து இன்னொன்று. ஏழு பேரில் ஐந்து பேர்! நான் சிரித்துக்கொண்டே பையில் கொட்டிக் கட்டிய காயெல்லாம் இவர்கள் பயந்து பயந்து மடியில் மறைத்து இறக்கியவை.

ஏலத்துக்கு அனுப்ப வேண்டிய, இன்னும் தரம் பிரிக்காத காய் உள்ளே மலை மாதிரி குவிந்து கிடந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார், அந்தப் பெண்களைப் பார்த்தார். "திங்கக்கிழமை பேச்சியம்மாவ வரச் சொல்லுங்க. இனி எவ மடியிலயாவது ஒரு காய் இருந்துச்சு... போங்க, போங்க, வெரசாப் போய்ச் சோலியப் பாருங்க" என்றார். அவர் மனம் இளகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண்களை முன்னால் வரச் சொல்லி நான் கேட்கவில்லை. முருகனிடம் எனக்கு ஒரு வாய்தான் கேட்டேன். அவன் ஆறு வாயைத் திறந்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்லி, இனி யாரும் காய் கொண்டுவரக் கூடாது என்றேன். அவள் தெருப் பிள்ளை போய்ச் சொல்லியிருக்க வேண்டும்; மறுநாள் நாகஜோதி பரீட்சைக்கு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நேராகத் தன் மேசைக்குப் போய், கொடுத்த உப்பைச் சரியாகக் கண்டுபிடித்தாள். தேர்வாளர் கிளம்பும்போது வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். "போடியில ஏலக்காய் நல்லா இருக்கும்னு சொன்னாங்க" என்றார். "ஆமா சார், பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில கடை இருக்கு" என்றேன். தலைமையாசிரியர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் தீரவில்லை.

நாகஜோதி இப்போது நர்சிங் இரண்டாம் வருடம். அந்தப் பை எங்கள் பள்ளியில் அன்றோடு நின்றது. நன்றி முருகா.

சகோதரிகளே, நீங்களும் அவனை நம்பிக் கேளுங்கள். ஆனால் நான் முதல் நாள் கேட்டது மாதிரி கேட்காதீர்கள். உங்களை மறைத்து வைக்கச் சொல்லாதீர்கள்; நிற்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். ஏலக்காய் வாசம் பட்டால் எனக்கு இன்னும் குமட்டுகிறது. அது குணமாகட்டும் என்று எனக்காக வேண்டிக்கொள்ள உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். அது போய்விடக் கூடாது என்றுதான் நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.