சாலையில் காயும் உளுந்து

பம்புசெட் விற்கிற வேலை. கடலூரிலிருந்து வாரம் இரண்டு முறை என் சொந்தக் காரில் இந்தப் பக்கம் வருகிறேன். கீரப்பாளையம் தாண்டியதும் சாலையை அடைத்து அறுத்த உளுந்துச் செடியைப் பரப்பியிருக்கிறார்கள். இங்கே செடியை மிதித்து உளுந்தை உதிர்ப்பது போகிற வருகிற வண்டிகள்தான். ஒதுங்க இடமில்லாமல் நானும் மேலேயே ஏற்றி ஓட்டுகிறேன். சக்கரத்தின் கீழே காய் நொறுங்கும் சத்தம் கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

செடி முடிகிற இடத்தில் கருகல் வாடை வருகிறது. இறங்கி பானட்டைத் திறந்து பார்க்கிறேன், ஒன்றுமில்லை. செடியைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அரிவாளோடு ஓடி வருகிறார். நான் ஓரடி பின்னால் நகர்கிறேன்.

"மேல என்னா சார் பாக்குறீங்க? அடியில குனிஞ்சி பாருங்க. செடி சுத்திக்கிட்டிருந்தா சூட்டுல பத்திக்கும்."

குனிகிறேன். சைலன்சரைச் சுற்றி ஒரு கட்டுச் செடி, அதன் நுனியில் புகை. அவர் தரையில் படுத்து அரிவாள் மூக்கால் கொக்கி போட்டு எல்லாவற்றையும் இழுத்துப்போடுகிறார். புகைகிற நுனியைச் செருப்பால் தேய்க்கிறார்.

"அடிக்கடி இப்படி ஆகுமாம்மா?"

"ஆவாம? அதுக்குத்தான் அருவாள கீழயே வெக்கிறதில்ல."

என் டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு எல்லாம் உண்டு. அரிவாள் மட்டும் இல்லை. இன்றே வாங்கிவிட வேண்டும்.

நன்றி சொல்லிவிட்டு ஏறி உட்காருகிறேன். அவரோ இழுத்த செடியை உதறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"காய் பாதி இன்னும் வெடிக்கல சார். சாயங்காலம் இப்பிடியேதான திரும்புவீங்க? பொரட்டிப் போட்டு வெக்கிறேன்."